ஓய்வுக்காலமும் பழைய வீடும்: வேலூர்ப் பக்கத்து வீடுகளைப் புதுப்பிக்கும் முன் தெரிய வேண்டியவை

பணி ஓய்வு நெருங்கியதும் பிள்ளைகள் சொல்வது ஒன்றுதான்: "அந்தப் பழைய வீட்டை வித்துட்டு இங்கேயே ஒரு ஃபிளாட் பார்த்துடலாம்ப்பா." இங்கே என்பது சென்னையாகவோ பெங்களூராகவோ இருக்கும். ஆனால் வேலூர்க்காரர்களுக்கு இந்த யோசனை அவ்வளவு எளிதாகச் செரிப்பதில்லை. வெளியூர்க்காரர்கள் வைத்தியத்துக்காக ரயிலேறி வருகிற சி.எம்.சி. இவர்களுக்கு ஆட்டோ தூரம். காட்பாடியில் ஏறினால் இரண்டு மணி நேரத்தில் சென்னை. கொசப்பேட்டை, வேலப்பாடி போன்ற பழைய தெருக்களில் வீட்டை விற்றால் மனைக்குத்தான் விலை கிடைக்கும், கட்டடத்தை யாரும் கணக்கில் எடுக்க மாட்டார்கள். கையில் வருகிற பணத்துக்குச் சென்னையில் கிடைப்பது இரண்டு படுக்கையறையும் ஒரு லிஃப்டும்.

ஆகவே இருக்கிற வீட்டையே சரி செய்துகொள்வது பல குடும்பங்களுக்குப் பொருந்தும். எல்லா வீட்டுக்கும் பொருந்தாது. அதைத் தீர்மானிக்க மூன்று இடங்களைப் பார்த்தால் போதும்: தலைக்கு மேலுள்ள தளம், சுவரின் அடியில் முதல் மூன்று அடி, கட்டிலிலிருந்து கழிவறைக்கு நடக்கிற தூரம். பெரும்பாலான வீடுகளில் பணம் இந்த மூன்றுக்கும் போவதில்லை. முகப்பு எலிவேஷன், ஃபால்ஸ் சீலிங், சமையலறை கிரானைட் என்று போய்விடுகிறது. இரண்டு மழை கழித்து ஃபால்ஸ் சீலிங்கில் மஞ்சள் வட்டம் தெரியும்போதுதான் மேலே தளம் என்று ஒன்று இருந்ததே நினைவுக்கு வருகிறது.

தளம் எந்த வகை?

இந்தப் பக்கத்தில் மெத்தை வீடு, அதாவது மட்டத் தளம் போட்ட வீடு, என்றால் ஒரே வகை அல்ல. சுதந்திரத்துக்கு முன் கட்டியவற்றில் பெரும்பாலும் மெட்ராஸ் டெரஸ்தான். உத்திரத்தின் மேல் ஒன்று ஒன்றரை அடிக்கு ஒரு தேக்குக் கட்டை, அதன் மேல் மெல்லிய செங்கல்லைச் செங்குத்தாக நிறுத்திச் சுண்ணாம்புச் சாந்தில் கோணலாக அடுக்கிய வரிசை, அதற்கு மேல் மூன்று நான்கு அங்குலச் செங்கல் ஜல்லிச் சுண்ணாம்பு, கடைசியில் தட்டோடு எனும் தட்டை ஓடு. பின்னால் வந்தவை நான்கைந்து அங்குலக் கான்கிரீட் தளம். இரண்டும் கெடுகிற விதம் வேறு, சரி செய்கிற விதமும் வேறு.

மெட்ராஸ் டெரஸில் கட்டையின் நடுப்பகுதி நூறு வருடமானாலும் கல் மாதிரி இருக்கும். கெடுவது சுவருக்குள் நுழைகிற முனை. சுவர் ஈரம் அங்கே தங்கும், காற்று போகாது, மரம் உளுத்துவிடும். ஒவ்வொரு கட்டையையும் சுவரோரத்தில் கூரான ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். அரை அங்குலத்துக்கு மேல் சுலபமாக இறங்கினால் அந்த முனை போய்விட்டது. முனை மட்டும் கெட்டிருந்தால் முழுக் கட்டையையும் மாற்ற வேண்டியதில்லை. தளத்துக்கு முட்டு கொடுத்துவிட்டு, சுவரை ஒட்டிக் கருங்கல் அல்லது கான்கிரீட் திண்டின் மேல் ஓர் இரும்பு பீம் நிறுத்தினால், எல்லாக் கட்டைகளின் நல்ல பகுதியையும் அது தாங்கிக்கொள்ளும். பீமின் அளவை ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர்தான் கணக்கிட வேண்டும், வெல்டிங் பட்டறைக்காரர் அல்ல.

இத்தகைய தளத்தின் நடுவில் சின்டெக்ஸ் தொட்டி வைக்கவே கூடாது. 1,000 லிட்டர் தண்ணீர் என்றால் ஒரு டன். தொட்டியைக் கொல்லைப்புறத்தில் தனித் தூண்களின் மேல் வையுங்கள். மாடியில் குளியலறை கட்டுவதையும் மறந்துவிடுங்கள். சின்னக் கசிவு ஒன்று இருந்தாலும் கட்டை கீழே தெரியாமலே உளுக்கும்.

கான்கிரீட் தளத்துக்கு எதிரி கம்பியின் துரு. துருப்பிடித்த இரும்பு பருத்துக்கொண்டே போகும். தன்னைச் சுற்றியுள்ள கான்கிரீட்டைப் பிளந்து கீழே தள்ளும். கம்பிக்குக் கீழே அதை மூடும் கான்கிரீட், அதாவது கவர், குறைந்தது 20 மில்லிமீட்டர் வேண்டும். பழைய வீடுகளில் கம்பியைப் பலகை மேலேயே படுக்க வைத்துக் கான்கிரீட் போட்டதால் பல இடங்களில் கால் அங்குலம்கூட இருக்காது. இரண்டாவது காரணம் தண்ணீர். கம்பி போடும் கான்கிரீட்டுக்கான நீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்கிறது கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 456. பாலாற்றை ஒட்டிய உப்புக் கிணற்றுத் தண்ணீரிலும் போர் தண்ணீரிலும் கலவை கலந்த வீடுகள் எத்தனையோ. அந்த உப்பு இன்னும் தளத்துக்குள்ளேயே இருக்கிறது.

சோதிப்பது சுலபம். ஏணி போட்டு, சின்னச் சுத்தியலால் தளத்தின் அடிப்பக்கத்தை அடிக்கொரு தட்டு தட்டிக்கொண்டே போக வேண்டும். கணீர் என்றால் நல்லது. டொக் டொக் என்று பொள்ளலாகக் கேட்கிற இடத்தைச் சாக்பீஸால் வட்டம் போடுங்கள். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வட்டமாகிவிட்டால் பழுது பார்ப்பது வீண் செலவு. தளத்தை எடுத்துவிட்டுப் புதிதாகப் போடுவதே நல்லது என்பது எங்கள் கருத்து.

அதற்குக் குறைவாக இருந்தால் பழுது பார்க்கலாம். முதலில் முட்டு. பிறகு பொள்ளலைக் கொத்தி எடுக்கும்போது கம்பி தெரிந்ததும் நிறுத்தக்கூடாது, கம்பிக்குப் பின்னால் விரல் போகிற அளவு, முக்கால் அங்குலமாவது, கொத்த வேண்டும். துரு கம்பியின் முதுகிலும் இருக்கிறது. கம்பி பிரஷால் பளபளப்பாகும் வரை தேய்த்து, துரு தடுக்கும் ப்ரைமர் இரண்டு கோட்டு. கம்பி கால்பங்கு கரைந்துபோயிருந்தால் பக்கத்தில் புதுக் கம்பி கட்ட வேண்டும். அதன்பின் ஒட்டுப்பசை தடவி, அது காய்வதற்குள் பாலிமர் கலந்த காரையை அரை அங்குலம் அரை அங்குலமாக ஏற்ற வேண்டும். ஒரே தடவையில் இரண்டு அங்குலம் அப்பினால் மறுநாளே தொங்கும். "கொத்திட்டு சிமென்ட் பூசிடலாம் சார்" என்று சொல்கிறவரிடம் வேலை கொடுத்தால் மூன்றாம் வருடம் அதே இடம், கூடவே பக்கத்து இடமும் விழும்.

தளத்தின் மேல்பக்கம் இன்னொரு சிக்கல். ஒழுகுகிறது என்றதும் பழைய தட்டோட்டின் மேலேயே இன்னொரு தளவரிசை போடுவது இங்கே வழக்கம். மூன்று அங்குல ஜல்லிச் சுண்ணாம்பு சதுர அடிக்குச் சுமார் 13 கிலோ. 1,000 சதுர அடி வீட்டுக்கு அது 13 டன். ஏற்கெனவே களைத்த தளத்தின் தலையில் இதை ஏற்றக்கூடாது. பழையதை முழுக்கப் பெயர்த்து, கூடையில் இறக்கிவிட்டு, அப்புறம்தான் புதிது.

புதிதாகப் போடுகிற சுண்ணாம்புத் தளத்துக்குப் பொதுப்பணித்துறையின் அளவு 32 பங்கு செங்கல் ஜல்லிக்கு 12½ பங்கு நீற்றிய சுண்ணாம்பு, மணல் கிடையாது. ஜல்லி 20 மில்லிமீட்டர், நன்றாக வெந்த செங்கல்லில் உடைத்தது. கலவையைப் பரப்பி, மரக்கட்டையால் நாள்கணக்கில் அடித்து இறுக்குவார்கள். அடிக்கும்போது கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளிப்பது பழைய முறை. கட்டை துள்ளி எழும்பும் வரை அடிக்க வேண்டும். தண்ணீர் ஓடுகிற சரிவு, அதாவது வாட்டம், பத்தடிக்கு இரண்டு அங்குலமாவது இருக்கட்டும். தண்ணீர் இறங்க 1,000 சதுர அடிக்கு 4 அங்குலக் குழாய் குறைந்தது இரண்டு. மேலே தட்டோடு ஒட்டி, வெள்ளை நிறக் கூல் ரூஃப் பூச்சு அடித்தால் வேலூர் வெயிலுக்கு உள்ளே வித்தியாசம் நன்றாகவே தெரியும். 40 டிகிரியைத் தாண்டுகிற ஊரில் முதியவர் தூங்கும் அறைக்கு ஏ.சி.க்கு முன் செய்ய வேண்டியது இதுதான்.

சுவரின் அடி

பழைய சுவர்கள் பெரும்பாலும் பதின்மூன்றரை அல்லது பதினெட்டு அங்குலம், செங்கல்லும் மண் சாந்தும். மேலே சுண்ணாம்புப் பூச்சு. கடைக்காலுக்கும் சுவருக்கும் நடுவில் ஈரம் தடுக்கும் அடுக்கு எதுவும் இருக்காது. நிலத்து ஈரம் சுவரில் ஏறும், சுண்ணாம்பு வழியாக ஆவியாகி வெளியே போய்விடும். இந்த ஏற்பாடு தலைமுறைகளாக ஒழுங்காக நடந்தது. அதன் மேல் சிமென்ட் பூசியதும் கெட்டது. சிமென்ட் ஈரத்தை வெளியே விடாது. அடைபட்ட ஈரம் இன்னும் மேலே ஏறி, பூச்சு முடிகிற இடத்தில் உப்பாகப் பூக்கும். சுவரை மறைக்க நான்கடிக்கு டைல்ஸ் ஒட்டினால் ஐந்தாவது அடியில் உப்பு பூப்பதன் காரணம் இதுவே. டேம்ப் ப்ரூஃப் பெயின்ட் என்று விற்பதும் அதே வேலையைத்தான் செய்கிறது.

மாற்று என்னவென்றால், ஈரக்கோட்டுக்கு மேல் ஓரடி வரை சிமென்ட் பூச்சைச் செங்கல் தெரிய உரித்துவிடுவது. குறைந்தது ஆறு வாரம் காயட்டும், கோடையாக இருந்தால் நல்லது. உப்பை உலர்ந்த பிரஷால் தட்டி எடுக்க வேண்டும், கழுவினால் திரும்ப உள்ளே போகும். பிறகு ஒரு பங்கு சுண்ணாம்புக்கு இரண்டரை மூன்று பங்கு மணல் என்று பூச வேண்டும். சுண்ணாம்பைக் குழியில் நீற்றி இரண்டு வாரமாவது ஊற வைத்திருக்க வேண்டும். அவசரத்தில் பூசினால் நீறாத சுண்ணாம்புக் கட்டி சுவரிலேயே வெடித்துக் குழி விழும். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் இப்போது குறைவு. கோயில் திருப்பணிகளில் வேலை செய்தவர்களை விசாரித்தால் கிடைப்பார்கள்.

மண் சாந்துச் சுவர் ஊறினால் என்ன ஆகும் என்பதற்கு வேலூர் மாவட்டம் மறக்காத சாட்சி உண்டு. 2021 நவம்பர் 19 அதிகாலை, பாலாற்றில் வெள்ளம் பெருக்கெடுத்த அந்த மழையில், பேர்ணாம்பட்டில் வீட்டுச் சுவர் இடிந்து விழுந்து குழந்தைகள் உட்பட 9 பேர் இறந்தார்கள். ஆகவே சுவரோரம் தண்ணீர் நிற்காமல் பார்ப்பது அழகு சார்ந்த விஷயமே அல்ல. கூரைத் தண்ணீர் சுவரை ஒட்டி விழக்கூடாது. வீட்டைச் சுற்றி ஒன்றரை அடி அகலத்துக்கு மண்ணை எடுத்து ஜல்லி நிரப்பி, வெளிப்பக்கம் வாட்டம் கொடுங்கள். சுவரை ஒட்டிச் சிமென்ட் தரை போட்டால் ஈரத்துக்கு வெளியேற வேறு வழியில்லாமல் சுவரில்தான் ஏறும்.

தெரு மட்டம் உயர்ந்து வீடு பள்ளமாகிவிட்டது என்பது ஊர் முழுக்கக் கேட்கும் புகார். பழைய சாலையைச் சுரண்டிவிட்டுத்தான் புதிது போட வேண்டும் என்று 2021-இல் தலைமைச் செயலாளர் உத்தரவிட்டார், ஆனால் அதற்கு முன் உயர்ந்தது உயர்ந்ததுதான். உள்ளே தரையை ஓரடி உயர்த்தலாம், தரையிலிருந்து தளம் வரை பதினோரு அடி உயரம் இருந்தால். அப்போது ஏழடி வாசல் ஆறடியாகும், ஆகவே வாசலுக்கு மேல் சுவரைத் தாங்கும் லிண்டலையும் ஏற்ற வேண்டும். இந்தச் செலவை முதலிலேயே கணக்கில் எழுதுங்கள். ஜாக்கி வைத்து வீட்டையே உயர்த்துவது சிமென்ட் கட்டு வீட்டுக்குச் சரி. மண் சாந்துச் சுவரை ஜாக்கியில் ஏற்ற நினைக்கவே வேண்டாம்.

கரையான் இருந்தால் தரை போடுவதற்கு முன் பாருங்கள். சுவரும் தரையும் சேருகிற கோட்டில் அடிக்கு ஒரு துளை, 12 மில்லிமீட்டர், துளைக்கு ஒரு லிட்டர் மருந்து. குளோர்பைரிபாஸ் 20 சதவீதம் என்றால் ஒரு லிட்டருக்கு 19 லிட்டர் தண்ணீர். வீட்டுக்குள்ளோ கொல்லையிலோ குடிக்கிற கிணறு இருந்தால் அந்தப் பக்கம் இதை ஊற்றக்கூடாது.

கழிவறை

எழுபது வயதில் வீட்டைவிட்டுப் போக வைப்பது பெரும்பாலும் தளமோ சுவரோ அல்ல, இரவு இரண்டு மணிக்குக் கொல்லைக்குப் போகிற வழியில் வழுக்கி விழுவதுதான். பழைய வீடுகளில் கழிவறை தோட்டத்தின் கோடியில். இதைப் படுக்கையறைக்குள் கொண்டுவருவதே முழு வேலையின் மையம். பணம் குறைவு என்றால் தளத்துக்கு அடுத்தபடி இதற்குத்தான்.

எந்த அறையில் என்பதைக் குழாய் தீர்மானிக்கும், ஆசை தீர்மானிக்காது. 4 அங்குலக் கழிவுக் குழாய்க்கு 1:40 வாட்டம் வேண்டும், அதாவது பத்தடிக்கு மூன்று அங்குலம். பாதாளச் சாக்கடையின் சேம்பரோ (குழாய்களைத் திறந்து பார்க்கும் மூடியிட்ட தொட்டி) செப்டிக் டேங்கோ நாற்பதடி தள்ளி இருந்தால் குழாய் ஓரடி இறங்க வேண்டும். அந்த ஆழம் அங்கே இருக்கிறதா என்று டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பிய டியூபால் மட்டம் பார்ப்பது) பிடித்துப் பார்த்த பிறகே இடத்தை முடிவு செய்யுங்கள். வாட்டம் இல்லாமல் போட்ட குழாய் மாதம் ஒருமுறை அடைக்கும். திரும்புகிற ஒவ்வொரு மூலையிலும் ஒரு சேம்பர்.

அளவு ஐந்துக்கு ஏழரை அடி இருந்தால் சமாளிக்கலாம். சக்கர நாற்காலி திரும்ப ஐந்தடி வட்டம் காலியாக வேண்டும், ஆகவே இடமிருந்தால் ஏழுக்கு எட்டு. கதவு மூன்றடி, வெளிப்பக்கம் திறப்பதாக. உள்ளே திறக்கிற கதவின் பின்னால் ஒருவர் விழுந்து கிடந்தால் உதவிக்கு வருபவர் தள்ளவே முடியாது. தாழ்ப்பாளும் வெளியிலிருந்து காசு நுழைத்துத் திருப்புகிற வகையாக இருக்கட்டும்.

வெஸ்டர்ன் கம்மோடின் உட்காரும் உயரம் 17, 18 அங்குலம் வேண்டும். கடையில் சாதாரணமாக எடுத்துக்கொடுப்பது அதைவிடத் தாழ்வு, முழங்கால் வலிக்காரர் அதிலிருந்து எழ முடியாது. வாங்கும் முன் கழிவுக் குழாயின் மையம் சுவரிலிருந்து எத்தனை அங்குலம் என்று அளந்துகொண்டு போங்கள். ஒன்பதா பன்னிரண்டா என்று தெரியாமல் வாங்கி வந்தால் தரையை மறுபடி உடைக்க வேண்டியிருக்கும். பக்கத்தில் பிடிகம்பி, தரையிலிருந்து 33 அங்குலத்தில். இதை டைல்ஸ் பசையிலோ பிளாஸ்டிக் பிளக்கிலோ மாட்டினால் பயன் இல்லை. மொத்த உடம்பும் தொங்குகிற கம்பி அது. ஒன்பது அங்குலச் செங்கல் சுவரில் ஆங்கர் போல்ட் போட வேண்டும். மண் சாந்துச் சுவராக இருந்தால் அந்த இடத்தில் நான்கு செங்கல் எடுத்துக் கான்கிரீட் கட்டி வார்த்து, அதில் போல்ட் இறக்குங்கள்.

தரைக்கு ஓரடிக்கு ஓரடி மேட் டைல்ஸ். பெரிய டைல்ஸில் வாட்டம் வராது, இணைப்பு குறைவதால் பிடிப்பும் குறையும். குளிக்கிற இடத்துக்கும் கம்மோடு இடத்துக்கும் நடுவில் வரப்பு கட்ட வேண்டாம், ஏழடிக்கு ஓரங்குலம் சரிவு போதும். டைல்ஸ் ஒட்டுவதற்கு முன் வாட்டர் ப்ரூஃபிங் பூசி, குழாய் வாயை அடைத்து, இரண்டங்குலம் தண்ணீர் கட்டி 48 மணி நேரம் விடுங்கள். மேஸ்திரிக்கு அவசரம் இருக்கும். விட்டுக்கொடுக்கக்கூடாத இடம் இது.

வாசலில் திண்ணை ஒன்றரை அடி உயரம் என்றால் சக்கர நாற்காலிச் சரிவு 1:12 கணக்கில் 18 அடி நீளம் வரும். தெருவோர வீட்டில் அதற்கு இடமேது? ஆறங்குல உயரமும் ஓரடி அகலமும் உள்ள மூன்று படியும், இருபக்கமும் கைப்பிடியும் நடைமுறைக்கு ஒத்துவரும்.

மின்சாரமும் தண்ணீரும்

மரப் பேட்டன் வயரிங்கில் ஒரு பகுதியை மட்டும் மாற்றக்கூடாது, முழுக்க எடுத்துவிடுங்கள். வயரின் கனம் விளக்குக்கு 1.5, பிளக்குக்கு 2.5, ஏ.சி.க்கும் கீசருக்கும் 4 சதுர மில்லிமீட்டர். எர்த் இல்லாத வீட்டில் கீசர் மாட்டுவது உயிரோடு விளையாட்டு. புது எர்த் குழியும், மின்கசிவு வந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் கட்டாயம். கட்டிலிலிருந்து கழிவறை வரை காலடி உயரத்தில் சின்ன விளக்கு, கட்டில் பக்கம் ஒரு டூ-வே சுவிட்ச்.

ஆறுக்கு ஆறுக்கு ஐந்தடி சம்ப், அதாவது நிலத்தடித் தொட்டி, சுமார் 5,000 லிட்டர் கொள்ளும். காவிரித் தண்ணீர் வராத நாள்களுக்கு இரண்டு பேருக்கு அது தாராளம். பழைய கிணற்றை மூடாதீர்கள். ஆண்டுக்கு ஒரு மீட்டருக்குச் சற்றுக் குறைய மழை பெய்கிற ஊர் இது. 1,000 சதுர அடிக் கூரையிலிருந்து 70,000 லிட்டர் வரை ஜல்லி, மணல் வடிகட்டி வழியாக அதில் இறக்கலாம்.

காகிதமும் காலமும்

பட்டா இன்னும் தாத்தா பெயரில் இருந்தால் செங்கல்லைத் தொடும் முன் வாரிசுச் சான்றும் பாகப்பிரிவினையும் முடியட்டும். உங்கள் பணத்தில் புதுப்பித்த வீட்டில் தம்பி பங்கு கேட்டால் சட்டப்படி அவர் கேட்பது சரி. பூச்சு, தரை, பெயின்ட் போன்ற உள்வேலைக்கு மாநகராட்சித் திட்ட அனுமதி தேவையில்லை, மாடியில் அறை எழுப்பினால் தேவை. வேலூர்க் கோட்டையை ஒட்டி இருப்பவர்களுக்கு இன்னொன்று: மத்தியத் தொல்லியல் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டுமானமே கூடாது, பழுதுபார்க்கவும் அனுமதி வாங்க வேண்டும். அதற்கு அடுத்த 200 மீட்டரிலும் கட்டுப்பாடு உண்டு.

வேலையைத் தொடங்க ஏற்றது பொங்கல் கழிந்த கையோடு. மேல்தளம் முதலில், பிறகு குழாய், வயரிங், சுவர், தரை, கடைசியில் பெயின்ட். அக்னி நட்சத்திரத்தில் பூச்சு வேலை வைத்தால் தண்ணீர் ஊற்ற ஊற்ற வெடிக்கும். ஆடியில் புது வேலை ஆரம்பிப்பவர் குறைவு என்பதால் கொத்தனார் சுலபமாகக் கிடைப்பார், ஆனால் மாலையில் மழையும் வரும், உள்வேலைக்கு மட்டும் அந்த மாதம். வீட்டிலேயே இருந்துகொண்டு வேலை பார்ப்பதாக இருந்தால் புதுக் கழிவறை முடிந்து பயன்பாட்டுக்கு வரும் வரை பழையதை இடிக்க விடாதீர்கள்.

போட்ட பட்ஜெட்டுக்கு மேல் கால்பங்கு தனியாக எடுத்து வையுங்கள். பழைய வீட்டில் பூச்சை உரித்த பிறகுதான் உண்மையான மதிப்பீடு தெரியும், அதனால் மொத்தக் காண்ட்ராக்டாகப் பேசினால் ஒன்று அவருக்கு நஷ்டம், இல்லையென்றால் உங்களுக்கு. தளத்துக்கும் சுவருக்கும் நாள்கூலி, டைல்ஸுக்கும் பெயின்டுக்கும் சதுர அடிக் கணக்கு என்று பிரித்துப் பேசுவது இருவருக்கும் நியாயம். குழாயையும் வயரையும் மூடும் முன், சுவருக்கு அருகே டேப்பைப் பிடித்து ஒவ்வொரு பக்கத்தையும் போட்டோ எடுத்துப் பிரின்ட் போட்டு மீட்டர் பெட்டிக்குள் வையுங்கள். அடுத்த பிளம்பர் எங்கே துளை போடக்கூடாது என்பதை அதைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வார்.